கூடத்தை விடுங்கள், கழிவறைக் கூரையைப் பாருங்கள்

நேற்று சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு மறுவிற்பனை அரசாங்க அடுக்குமாடி வீடு பார்த்தோம். கூடத்தில் புதுச் சாயம், மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. கழிவறையில் அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் கறை, ஓரத்தில் சிமெண்ட் உப்பி உதிர்கிறது. மேல்மாடிக் கசிவு! இதைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இரண்டு பேரின் பொறுப்பு. மேல்வீட்டார் கதவைத் திறக்காவிட்டால் அலைச்சல்தான். எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று முகவரிடம் நேராகக் கேளுங்கள்.

வீட்டின் 99 ஆண்டுக் குத்தகை 1980இல் தொடங்கியிருக்கிறது. மிச்ச ஆண்டுகள் வாங்குபவர்களில் இளையவரின் 95 வயதுவரை வராவிட்டால், மசேநிதியை (மத்திய சேமநிதிச் சேமிப்பை) வீடு வாங்க முழு அளவுக்குப் பயன்படுத்த முடியாது. மனைவிக்கு 36. எங்களுக்கு வராது.

நம்மவர்களுக்கு இன்னொன்று: புளோக்கில், அதாவது அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், இந்தியர்/மற்றவர் பிரிவுக்கான இன ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் அதே பிரிவைச் சேர்ந்த உரிமையாளரிடம் மட்டுமே வாங்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.