கிரேஸ் ரோடு: லெஸ்டர்ஷயர் மீண்டெழுந்த கோடை

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள கிரேஸ் ரோடு கிரிக்கெட் மைதானத்தை நம்மூர் ரசிகர்களில் பலர் ஒரே ஓர் ஆட்டத்தால்தான் நினைவில் வைத்திருப்பார்கள். 1999 உலகக் கோப்பையில், தந்தையின் மறைவையொட்டி டெண்டுல்கர் ஊர் திரும்பியிருந்த வேளையில், 253 ரன்களைத் துரத்திய இந்தியா, ஹென்றி ஒலங்கா ஒரே ஓவரில் மூன்று விக்கெட்டுகளைச் சாய்க்க, ஜிம்பாப்வேயிடம் 3 ரன் வித்தியாசத்தில் தோற்றது இங்கேதான். அந்த ஓவரில் முதலில் வீழ்ந்தவர் தமிழ்நாட்டுக்காக ஆடிய ராபின் சிங். 2012 செப்டம்பர் கடைசியில் மேற்படிப்புக்காக லெஸ்டரில் வந்து இறங்கியபோது எனக்கும் அந்த மைதானத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் தோல்வியின் வகைகள். அங்கே ஆடும் லெஸ்டர்ஷயர் அணி 2013, 2014 ஆகிய இரண்டு பருவங்களிலும், இங்கிலாந்தின் கவுண்டி எனப்படும் வட்டார அணிகள் இரு பிரிவுகளாக மோதும் நான்கு நாள் தொடரான கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. நான் படிப்பை முடித்து லண்டனுக்கு வேலைக்குப் போன பிறகு, 2015 ஜூன் மாதம் செல்ம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸை வென்றபோது, முந்தைய வெற்றிக்கும் அதற்கும் இடையில் 992 நாட்கள் கடந்திருந்தன. ஒரு நகரத்தில் வாழ்ந்த காலம் முழுவதும் அதன் அணி வென்றதைக் காணாதவனுக்கு அந்த அணியின் மீது ஏன் பற்று வந்தது என்று நண்பர்கள் கேட்பார்கள். வெற்றியைப் பார்த்து வந்த பற்றாக இருந்தால் அந்த 992 நாட்களில் அது கரைந்து போயிருக்கும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

2025 மே மாதத்தில் மீண்டும் அங்கே போனதற்குக் காரணம், அணி கீழ்ப்பிரிவான இரண்டாம் பிரிவின் புள்ளிப்பட்டியலில் மேலே நின்றதுதான். லண்டனின் செயின்ட் பான்கிராஸிலிருந்து லெஸ்டருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நிலையத்திலிருந்து தெற்கே, வெல்ஃபோர்ட் ரோடு ரக்பி மைதானத்தைக் கடந்து, அய்ல்ஸ்டோன் ரோடு வழியாக நடந்தே போய்விடலாம். ரக்பி அரங்கம் தொலைவிலிருந்தே கண்ணில் படும். கால்பந்து அரங்கமும் அப்படியே. கிரிக்கெட் மைதானமோ ஒட்டிக்கட்டிய செங்கல் வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. மில்லிகன் ரோட்டின் வாயிலுக்கு வரும்வரை இங்கே முதல்தர ஆட்டம் ஒன்று நடக்கிறது என்பதற்கு அடையாளமே இருக்காது. கிரேஸ் என்ற பெயரைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் இந்தத் தெருப்பெயருக்கும் தொடர்பு கிடையாது.

உள்ளே நுழைந்ததும் தெரிவது வெட்டவெளிதான். நான்கு நாள் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் சில நூறு பேர். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பிளாஸ்கில் தேநீரும் ஈயத்தாளில் சுற்றிய சாண்ட்விச்சும் கொண்டுவந்திருந்தார். மடியில் பெரிய ஸ்கோர் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிற மையாகப் பந்துக்குப் பந்து குறித்துக்கொண்டிருந்தார். அணி 300 ரன்களைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் இன்னொரு போனஸ் புள்ளி கிடைத்த செய்தி வந்தது. அரங்கில் சிதறி அமர்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். முதல் 110 ஓவருக்குள் குறித்த ரன்களை எட்டினால்தான் இந்தப் புள்ளிகள் கிடைக்கும். சதத்துக்குக் கிடைக்கும் கைதட்டலைவிட இது நீடித்ததாக எனக்குப் பட்டது. ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பருவம் முழுவதும் 14 ஆட்டங்களில் இப்படிப் பொறுக்கிச் சேர்க்கும் புள்ளிகள்தான் ஓர் அணியைக் கரையேற்றுகின்றன.

உணவு இடைவேளையில் அவரே பேச்சுக் கொடுத்தார். 1975இல் ரே இல்லிங்வொர்த்தின் தலைமையில் லெஸ்டர்ஷயர் முதன்முறையாகப் பட்டம் வென்றபோது தான் பள்ளிச் சிறுவன் என்றார். ஜேம்ஸ் விட்டேக்கரின் தலைமையில் 1996லும் 1998லும் வென்ற பட்டங்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, மேற்கிந்தியத் தீவுகளின் ஆல்ரவுண்டர் ஃபில் சிம்மன்ஸ் என்ற பெயர் வரும்போதெல்லாம் குரல் ஏறியது. 2003இல் முதல் பிரிவிலிருந்து இறங்கிய அணி அதன் பிறகு அன்றுவரை திரும்ப ஏறியிருக்கவே இல்லை. ஆட்டக்காரர்களை வளர்த்து நாட்டிங்ஹாமுக்கு அனுப்பும் பண்ணை என்று அவர் தம் அணியைச் சொன்னபோது சிரித்தார். ஆனால் அதில் கசப்பு இருந்தது. ஸ்டூவர்ட் பிராட் இங்கே தொடங்கி 2008இல் பக்கத்து நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போனார். ஜேம்ஸ் டெய்லர் 2012இல் அதே வழியில் போனார். டெஸ்ட் மைதானமும் பணமும் உள்ள அண்டை வீட்டுக்காரருக்கு எதிரே ஆடவர் டெஸ்ட் ஆட்டமே நடக்காத மைதானத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறிய கவுண்டி எப்படி ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும்?

இந்த முறை அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்ததால்தான் 2025 எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரெஹான் அகமது பிறந்தது நாட்டிங்ஹாமில்; ஆடுவது லெஸ்டர்ஷயருக்கு. 2022 டிசம்பரில் கராச்சியில், இங்கிலாந்தின் ஆடவர் டெஸ்ட் அணிக்கு ஆடியவர்களில் மிக இளையவராக, 18 வயதில் அறிமுகமாகி ஐந்து விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். லெக் ஸ்பின்னராக மட்டுமே அறியப்பட்டவரை இங்கே மேல்வரிசையில் ஆடவிட்டார்கள். அவரும் சதங்களைக் குவித்தார். ஜூலையில் டெர்பிஷயருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் சதமடித்து 13 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பெரிய கவுண்டியில் இருந்திருந்தால் இந்த வயதில் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

மாற்றம் ஒரே ஆண்டில் வந்துவிடவில்லை. 2022இலும் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடத்தில் நின்ற அணி, 2023 தொடக்கத்தில் ஹெடிங்லியில் யார்க்ஷயருக்கு எதிராக 389 ரன்களைத் துரத்தி வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில், அதுவும் நாட்டிங்ஹாமின் டிரென்ட் பிரிட்ஜிலேயே, ஒருநாள் கோப்பை இறுதியாட்டத்தில் ஹாம்ப்ஷயரை 2 ரன்களில் வீழ்த்தியது. ஹாரி ஸ்விண்டெல்ஸ் ஆட்டமிழக்காமல் அடித்த 117 ரன்களும், 19 வயது ஜோஷ் ஹல் பதற்றமின்றி வீசிய கடைசி ஓவரும் அதைச் சாத்தியமாக்கின. அடுத்த ஆண்டே ஹல் ஓவல் மைதானத்தில் இலங்கைக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். 2024இல் ரஹானே வந்து ஆடிவிட்டுப் போனார். அந்த ஆண்டு சசெக்ஸ் அணியின் ஹோவ் மைதானத்தில் லூயிஸ் கிம்பர் 127 பந்துகளில் 243 ரன்கள் எடுத்தும், ஒரே ஓவரில் 43 ரன்கள் வந்தும், அணி தோற்றது. அதிரடி செய்திக்கு உதவும், பட்டியலுக்கு உதவாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

2025இல் பீட்டர் ஹேண்ட்ஸ்கோம்பின் தலைமையில் ஆடிய அணியிடம் அந்த வாணவேடிக்கை குறைவு. காலையில் பந்து ஊசலாடும் முதல் மணி நேரத்தைத் தாக்குப்பிடிப்பது, பின்வரிசையும் ரன் சேர்ப்பது, வெல்ல முடியாத ஆட்டத்தை டிராவாக்கிப் புள்ளியோடு வெளியேறுவது என்று பொறுமையாக ஆடினார்கள். லண்டன் திரும்பிய பிறகு மீதிப் பருவத்தைக் கிளப்பின் யூடியூப் நேரலையில், அலுவலகக் கணினியின் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் முதல் பிரிவுக்கான இடம் உறுதியானது. இரண்டாம் பிரிவின் பட்டமும் வந்தது. முத்தையா முரளிதரன் ஒரு காலத்தில் ஆடிய லங்காஷயரும், லார்ட்ஸில் குடியிருக்கும் மிடில்செக்ஸும் பட்டியலில் லெஸ்டர்ஷயருக்குக் கீழே இருந்ததைத் திரையில் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவைத்ததில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அதே செப்டம்பரில் முதல் பிரிவின் பட்டத்தைச் சர்ரேயிடமிருந்து பறித்தது நாட்டிங்ஹாம்ஷயர். ஆக, 2026இல் இரண்டு பட்டக்காரர்களும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். பத்து அணிகளில் இரண்டு கீழே இறங்கியாக வேண்டும். ஏறி வந்த அணி உடனே இறங்குவது புதிதும் அல்ல. எட்டாவது இடம் போதும், அதைத் தாண்டி ஆசைப்படுவது பேராசை என்று அந்த ஸ்கோர் புத்தகக்காரர் மே மாதத்திலேயே, மேலே போவது உறுதியாகாத நிலையிலும் சொல்லிவிட்டார். நான் ஏழாவது இடத்தை எதிர்பார்க்கிறேன். லெஸ்டரிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். எதிரணி ரசிகனாக டிரென்ட் பிரிட்ஜுக்குப் போவதற்கு இப்போதே விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன்.