17 யாரு, 23 யாரு?

"தம்பி, இப்ப 17 யாரு, 23 யாரு?" என்று ரேடார் திரை முன் இருந்த ஆபரேட்டர் கேட்டார். ஒவ்வொரு விமானத்தின் புள்ளிகளையும் கோத்து நிரல் வரையும் தடம்தான் டிராக்; 17-உம் 23-உம் அப்படி இரண்டு டிராக்குகளின் எண்கள். "டிராக் எண் எதுவும் மாறல சார்" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

விமானம் தன்னை யாரென்று சொல்லும் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டு, எதிரொலியை மட்டும் பார்க்கும் பிரைமரி ரேடாரை நம்பிச் செய்த சோதனை அது. 60 கிலோமீட்டர் தள்ளி, 1.5 டிகிரி பீம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். அதற்குள், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இரண்டு விமானங்கள் வந்தால் ஒற்றைப் புள்ளிதான் கிடைக்கும். ஓரிரு சுற்றுகள் அப்படித்தான் போனது. அப்புறம் மறுபடி இரண்டு புள்ளிகள். குறுக்கே கடந்து போனார்களா, கிட்டே வந்து அவரவர் பக்கமே திரும்பினார்களா?

இரண்டு டிராக், இரண்டு புள்ளி: நான்கு ஜோடிகளும் 'கேட்' என்ற ஏற்பு எல்லைக்குள்தான் இருந்தன; எதிர்பார்த்த இடத்திலிருந்து புள்ளி எவ்வளவு விலகியது என்பதைப் பிழை அளவையும் சேர்த்துச் சொல்லும் மகாலனோபிஸ் தூரத்தின் வர்க்கம் எதிலும் 9.21-ஐத் தாண்டவில்லை. ஒரு மாதிரி சேர்த்தால் கூட்டுத்தொகை 7.9, மாற்றிச் சேர்த்தால் 8.2. நிரல் சிறியதை எடுத்துக்கொண்டது. அந்த 0.3 வித்தியாசத்தை நிகழ்தகவாக்கினால் 54-க்கு 46. திரையிலோ 17-உம் 23-உம் எப்போதும் போலத் தெளிவாக நின்றன. 1936-ல் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் இந்தத் தூரத்தை வரையறுத்தபோது, அவர் முன்னால் இருந்தது மனிதக் குழுக்களின் உடல் அளவுகள். இரண்டு குழுக்களும் அளவில் நெருங்கியிருந்தால் அவராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

வேறு வழி இல்லையா? ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நிகழ்தகவுப்படி எல்லாவற்றையும் சேர்க்கும் ஜேபிடிஏ (JPDA) முறையைப் போட்டிருந்தால் இரண்டு புள்ளிகளையும் கலந்து, விமானமே இல்லாத நடு இடத்துக்கு இரண்டு டிராக்கையும் இழுத்திருக்கும். ரீட் என்ற ஆய்வாளர் 1979-ல் சொன்ன பல கருதுகோள் முறையில், இரண்டு சாத்தியங்களையும் வைத்துக்கொண்டு முடிவைத் தள்ளிப்போடலாம்தான். ஆனால் 4 விநாடிக்கு ஒரு சுற்று. மூன்று சுற்று காத்திருந்தால் 12 விநாடி. அதுவரை திரையில் எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும்? "சந்தேகம்னா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுப்பா" என்றார் அவர். கூட்டமான வானத்தில் திரை முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும் என்றேன். இப்போதும் அது சரியான காரணம் என்றே நினைக்கிறேன்.

விமானங்களின் ஜிபிஎஸ் பதிவைப் பிறகு ஒப்பிட்டார்கள். நாங்கள் காட்டியது சரி. அறிக்கையிலும் 'சரி' என்று ஏறிவிட்டது. எல்லோருக்கும் அத்தோடு விஷயம் முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. தப்பாகப் போயிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம். 54 ஜெயித்ததால் அந்த 46-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் ஒருவர்தான் கேட்டிருந்தார், அதுவும் பதில் தெரிவதற்கு முன்பே.

இப்போது ஒவ்வொரு டிராக் பதிவிலும் இரண்டாவதாக வந்த கூட்டுத்தொகையையும் சேமிக்கிறேன். திரையில் காட்டச் சொல்லி இன்னும் கேட்கவில்லை. கேட்டால், எவ்வளவு வித்தியாசத்துக்குக் கீழே கேள்விக்குறி வர வேண்டும் என்பார்கள். ஒரு எண் சொல்லலாம்தான். ஆனால் அந்த எண்ணுக்குக் கொஞ்சமே மேலே இருக்கும் ஜோடியைப் பார்த்து அவர் அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.