தாத்தாவின் கை

தாத்தா ராணுவத்தில் இருந்தவர். சண்டைக் கதை எதுவும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார்.

மற்ற நேரமெல்லாம் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைதான், கூடவே நாங்களும். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவார். காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், அப்புறம் அதற்கு நோய் வந்துவிடும் என்பார். வாயிலிருந்து முள்ளை மெதுவாகக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, அது தானாகத் துள்ளும்போது விடுவார். அவ்வளவு பெரிய கைக்கு அத்தனை பதம்!

பாட்டி படுக்கையில் கிடந்தபோது தினமும் தலை வாரிப் பின்னிவிட்டதும் அவர்தான். எங்கள் அம்மாவையும் சித்தியையும் அருகில் விடவே இல்லை.

ரொம்பத் தேடுது தாத்தா.