ரைட்டுல ஒடிங்க... அந்த ரைட் இல்லங்க!

முன்னால் போகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் ரங்கமணியை ஒரு குறை சொல்ல முடியாது. நேர் ரோட்டில் ட்ரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கரம் வைத்த குட்டி வீட்டை, இழுத்துக்கொண்டு அவர் போகிற தோரணை என்ன, கூலிங் கிளாஸ் என்ன, எதிரே வேறொரு ட்ரெய்லர்காரர் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைக்கிற கெத்து என்ன! எல்லாம் ட்ரெய்லரை நிறுத்தித் தங்குகிற கேம்ப்கிரவுண்ட் வாசல் வரைக்கும்தான். உள்ளே போய், நமக்கென்று ஒதுக்கின இடத்தில் பின்பக்கமாக விட வேண்டிய கட்டம் வந்ததும் கூலிங் கிளாஸ் தலைக்கு ஏறிவிடும். குரலும் கூடவே ஏறும்.

சனிக்கிழமை நடந்த கூத்தில் எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்கிறது. ஓட்டினது அவர். கை காட்டினது நான்.

இந்த ரிவர்ஸ் சமாசாரம் தெரியாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். ட்ரெய்லர் மாட்டின வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம். அதைப் புரிந்துகொண்டு நேராக்குவதற்குள் ட்ரெய்லர் மடங்கிக்கொண்டு நம் பம்பருக்கே முத்தம் கொடுக்க வந்துவிடும். சின்ன ட்ரெய்லர்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நீளமானது யோசித்து யோசித்துத்தான் திரும்பும். சின்னது தொட்டால் போதும், திரும்பிவிடும். எங்களுடையது சின்னது. "சின்னதா எடுங்க மச்சான், கண்ண மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கலாம்" என்று நாத்தனார் வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கிறாரோ என்று எனக்குப் பல தடவை சந்தேகம் வந்திருக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை எந்தப் பக்கம் போகிறதோ, ட்ரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான் வித்தை. ரங்கமணிக்கு இது மனப்பாடம். எதிர்வீட்டு மாமாவை நிற்க வைத்துப் பாடமே எடுத்திருக்கிறார். சின்னவனின் பொம்மை லாரியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்முறை விளக்கம் வேறு. மேஜையில் அருமையாகப் போகும். உப்பு ஜாடிக்கும் தண்ணீர் ஜக்குக்கும் நடுவில் ஒரே தடவையில் போட்டுவிடுவார்.

நிஜத்தில் அவர் ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டு "ரைட்டுல ஒடிங்க" என்றேன். ஒடித்தார். ட்ரெய்லர் மரத்தைப் பார்த்துக் கிளம்பியது. "அந்த ரைட் இல்லங்க!" என்றேன். "இருக்கிறது ஒரு ரைட்தான்!" என்றார். ஒரு ரைட்டா? அவருக்கு ஒன்று, அவரைப் பார்த்து நிற்கிற எனக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, வால் போக வேண்டிய பக்கம் ஒன்று. சரி, இது வேண்டாம் என்று "மரத்துப் பக்கம் போகாதீங்க" என்றேன். இரண்டு பக்கமும் மரம்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். காட்டுக்குள் சிக்னல் ஏது? இதற்கென்றே வாங்கின வாக்கி டாக்கியைச் சின்னவன் வழியெல்லாம் 'ஓவர் ஓவர்' என்று கத்தியே பேட்டரியைத் தீர்த்திருந்தான். பெரியவள் காதில் ஹெட்போன். இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பின்னால் நின்று வழி காட்டுகிறவர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. ஓட்டுகிறவரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நம் முகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அவர் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ரங்கமணி விதி வேறு. நான் தெரியாவிட்டால் "எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கத்தியபடியே தொடர்ந்து பின்னால் வர வேண்டும்.

அதற்குள் அரங்கம் நிறைந்துவிட்டது. கேம்ப்கிரவுண்டில் மாலை நேரத்துக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுப்பதுதான் நிகழ்ச்சி. அவரவர் மடக்கு நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாய்க்குக்கூட நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிரிக்காமல் பார்ப்பதுதான் இன்னும் மோசம்.

எதிர் சைட்டிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். ஏதோ வழி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு நாற்காலி. அதை எனக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, உட்கார், இதற்கு நேரமாகும் என்று ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டார். எத்தனை வருஷ அனுபவமோ அந்த அம்மாவுக்கு.

கடைசியில் அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் வந்து ரங்கமணியின் ஜன்னலைத் தட்டினார். ஒரே ஒரு வார்த்தைதான். இறங்கிப் பார். இதையே நான் அவ்வளவு நேரமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். ரங்கமணி இறங்கினார், பின்னால் வந்தார், மரத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்து, நூல் பிடித்த மாதிரி உள்ளே விட்டார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். கூலிங் கிளாஸ் மறுபடி கண்ணுக்கு இறங்கியது.

அப்புறம் வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. முதலில் இடம் வலம் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை. அடுத்து சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை வைக்காமல் கழற்றினால் ட்ரெய்லர் தன்பாட்டுக்கு உருண்டு போய்விடும், நாத்தனார் வீட்டு வேலி இன்னும் அதற்குச் சாட்சி. பிறகு காரிலிருந்து கழற்றி, முன்பக்கத்து ஜாக்கியால் முன்பின் மட்டம். கடைசியாக நாலு மூலையிலும் இருக்கிற கால்களை இறக்குவது. அந்தக் கால்கள் ஆட்டம் நிற்பதற்குத்தான், வண்டியைத் தூக்குவதற்கு இல்லை. அதை வைத்தே தூக்கி மட்டம் பார்க்கப் போய் நாத்தனார் வீட்டுக்காரர் ஒன்றை வளைத்துவிட்டு, கம்பெனி இரும்பு சரியில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்து ரங்கமணி கரண்ட் கேபிளை உருவினார். தடித்த கறுப்பு கேபிள், நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ப்ளக். இழுத்துக்கொண்டே போனார். கரண்ட் கம்பத்துக்கு ஒரு ஆள் நீளம் முன்னாலேயே கேபிள் விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ரங்கமணி ஒரு கையில் ப்ளக்கோடு, இன்னொரு கையைக் கம்பத்தைப் பார்த்து நீட்டியபடி அப்படியே நின்றார். லேசாக ஒரு தடவை சுண்டி இழுத்தார். புல்லில் சுருண்டிருக்கிறதோ என்று பார்த்தார். எங்கேயும் சுருளவில்லை. அது அவ்வளவுதான் நீளம். வண்டியை இன்னும் ஒரு ஆள் உயரத்துக்குப் பின்னால் விட்டிருக்க வேண்டும். நேராக விடுவதிலேயே கவனம் போய், கரண்ட் கம்பம் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், சொன்னேன். "மொதல்ல உள்ள வரட்டும், அப்புறம் கம்பத்தப் பத்திப் பேசலாம்" என்றவர் யார் என்று இங்கே எழுத வேண்டாம்.

"வீட்ல இருக்கிற எக்ஸ்டென்ஷன் கார்டப் போட்டா என்னப்பா?" என்றான் சின்னவன். அதற்கு மட்டும் ரங்கமணி உறுதியாகத் தலையாட்டி மறுத்துவிட்டார். 30 ஆம்பியர் கனெக்ஷனுக்கு சாதாரண ஒல்லி வயரைப் போட்டால் சூடேறி உருகிவிடும்.

ஆகவே நாலு காலையும் தூக்கி, ஜாக்கியை ஏற்றி, காரைப் பின்னால் கொண்டுவந்து, காரின் பின்பக்கத்துக் கொக்கியான ஹிட்ச் பந்தில் ட்ரெய்லரின் மூக்கான கப்ளரை உட்கார வைத்து, பூட்டி, பின் போட்டு, முட்டுக்கட்டையை எடுத்து... உள்ளே போயிருந்தவர்கள் நாற்காலியோடு திரும்பி வந்தார்கள். நான் பாட்டியின் நாற்காலியை இன்னும் திருப்பித் தரவில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

கரண்ட் வந்துவிட்டதே, நிம்மதி என்றால், பெரியவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஹேர் ட்ரையரை எடுத்தாள். 120 வோல்ட், 30 ஆம்பியர், ஆக மொத்தம் 3600 வாட்ஸ். ஏசி ஓடுகிறது, மைக்ரோவேவ் சுற்றுகிறது, அதற்கு மேல் ஹேர் ட்ரையர். பொத்தென்று எல்லாம் இருட்டு. "இங்க மூணுல எது வேணும்னு ஓட்டுப் போட்டுத்தான் வாழணும்" என்றார் ரங்கமணி இருட்டுக்குள்ளிருந்து. காட்டுக்குள் தலைமுடியைக் காய வைத்து யாருக்குக் காட்டப்போகிறாள் என்று நானும் கேட்கவில்லை. வயசு அப்படி.

கழிவுத் தொட்டியைப் பற்றி எழுதக் கூடாது என்று வீட்டில் தடை. ஆனாலும் கொழுந்தனார் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாய்லெட் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் தானாகவே போய்க்கொண்டிருக்குமே, எதற்கு மூடித் திறக்கிற வேலை என்று அவருக்கு ஒரு ஞானோதயம். போவது தண்ணீர் மட்டும்தான். மற்றதெல்லாம் உள்ளேயே கோபுரம் கட்டி, காய்ந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டது. மூடி வைத்து, ஓரளவு நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். முதலில் டாய்லெட் தொட்டி, அதற்குப் பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி, அப்போதுதான் சோப்புத் தண்ணீர் ஓடிக் குழாயைக் கழுவிவிடும். கொழுந்தனார் இப்போதெல்லாம் ஹோட்டலில்தான் ரூம் போடுகிறார்.

திரும்பி வரும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷனைப் பாராட்டியே ஆக வேண்டும். சின்னவன் ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கின கல்லையெல்லாம் யாருக்கும் தெரியாமல் பின்பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறான். சாதாரணக் கல்லா, ஒவ்வொன்றும் அம்மிக்குழவி. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை முன்னால் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். பாரம் பின்னால் போனால் வால் ஆட ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது, அந்தக் காற்றில் எங்கள் வால் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, அப்புறம் காரையே சேர்த்து இழுக்கிற மாதிரி. பெரியவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரங்கமணி பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் ஒடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தினார். ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் கல்லையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். சின்னவன் அழுததும் அதில் ஒன்றை மட்டும் எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பாராட்டு அடுத்த பாலம் வரைக்கும்தான் நீடித்தது. கூரை ஆன்டெனாவை இறக்கினோமா இல்லையா என்று பாலத்துக்கு அடியில் போகும்போதா ஒருவருக்கு ஞாபகம் வரும்? இத்தனைக்கும் மனுஷன் தினமும் தூங்குவதற்கு முன்னால் அமெரிக்காவில் டர்ஹாம் ரயில்வே பாலத்தில் லாரிகள் கூரையைப் பெயர்த்துக்கொள்கிற வீடியோக்களைப் பார்ப்பவர். 11 அடி 8 அங்குலம் இருந்த பாலத்தை 2019-ல் 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அப்புறமும் வந்து இடிக்கிறார்கள். "எப்படித்தான் இவ்ளோ அஜாக்கிரதையா இருக்காங்களோ" என்று பக்கத்தில் படுத்திருக்கிற என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஆன்டெனா தப்பித்தது. படிக்கட்டை உள்ளே மடிக்காமல் வந்ததை ஒரு பெட்ரோல் பங்க் மேடைதான் எங்களுக்கு ஞாபகப்படுத்தியது. படிக்கட்டு இனி மடியாது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ரங்கமணி ஒரு பட்டியல் தயாரித்து, லேமினேட்டும் செய்துவிட்டார். இரண்டு பத்தி. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. என் பத்தியில் முட்டுக்கட்டை, ஆன்டெனா, படிக்கட்டு, கூரை ஜன்னல், கேபிள், குழாய், வால்வு, ஃபிரிட்ஜ் கதவு, சின்னவன் பையில் கல் சோதனை. பக்கம் போதாமல் பின்பக்கமும் தொடர்கிறது. அவர் பத்தியில் "ஓட்டுவது" என்று ஒரு வரி.

"ஏங்க, இதுக்குப் பேரு பங்கு பிரிக்கிறதா?" என்று கேட்டேன். "முழுசாப் படி" என்றார். 'ஓட்டுவது'க்குக் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது. "பின்னால் நிற்பவளிடம் கத்தக் கூடாது."

டிக் போடுவதற்குப் பக்கத்திலேயே ஒரு கட்டமும் போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்துக்கு மட்டும் பேனா என்னிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.