நாற்றுப் பெட்டிக்கு வெள்ளையடித்த நாட்கள்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

மாடி வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன பிளைவுட் அலமாரி இன்று கீழே இறங்கியது. இனி அது என் நாற்றுப் பெட்டி. கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் எங்கள் தெரு குறுகல், வீடு வடக்குப் பார்த்தது, ஜன்னலில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ராயக்கோட்டையில் நாத்தனார் தோட்டத்துக்குக் குடைமிளகாய் நாற்று விட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு 20 வாட் எல்இடி டியூப்பும் நாலு குழித்தட்டும் இதற்குள் தாராளமாக அடங்கும்.

உள்பக்கம் முழுக்க அடர் காப்பி நிற எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட். இந்த நிறம் டியூப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நல்ல வெள்ளை மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் மேலே விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும், அதுவும் நாலாபக்கமும் பரவலாக. ஓரத்துக் குழியில் இருக்கும் நாற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

பழைய பெயிண்டைத் தேய்க்காமல் புதுசு பிடிக்காது. ஆனால் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க எனக்குப் பயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ல்தான். இந்த அலமாரி அதைவிட வயசானது. அதனால் தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பரால், பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். வழிந்த சேற்றை நியூஸ்பேப்பரில் ஒற்றிக் கட்டி வைத்தாகிவிட்டது. அதைச் செடித் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாப்பாவை அந்தப் பக்கம் வரவிடவில்லை.

ஜனவரி 22, புதன்

பெயிண்ட் கடையில் எமல்ஷன் என்கிற நீர் பெயிண்டைக் கேட்டேன். நம் தெரு பெயிண்டர் அண்ணனும் அங்கே இருந்தார்.

"எமல்ஷன் எதுக்கும்மா? செடிக்குத் தண்ணி ஊத்துவீங்க, ஊறிப்போயிடும். ஆயில் பெயிண்ட் ரெண்டு கை அடிச்சிட்டா பத்து வருஷத்துக்கு அசையாது."

"அசையாதுண்ணே. ஆனா கதவை மூடிட்டா செடி எங்க ஓடும்?"

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகிப் போகும். அது ஒரு நாள் வேலை. அதன் பிறகு உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அந்தச் சமயத்தில் ஆல்டிஹைடு வகை ஆவிகள் வாரக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும். கைக்கு ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒரு ஹாலில் இது பெரிய விஷயமில்லை, ஜன்னல் இருக்கிறது. நாற்றுப் பெட்டியிலோ டியூப் சூடு, தட்டு ஈரம், மூடிய கதவு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. அந்தக் காற்றை இலை நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாங்காய் மண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் அவர். அதனால், "கார்பைடு கல்லுக்கு ஏன் தடை போட்டாங்க, பழுக்க வைக்கிற எத்திலீன் ரூம்ல ஏன் 100 பிபிஎம் தாண்டக் கூடாதுன்னு அளவு வெச்சிருக்காங்க? கண்ணுக்குத் தெரியாத கேஸ் துளியூண்டு இருந்தாலே மாங்காய் மாறிப்போகுது. மாங்காய்க்கே அப்படின்னா ரெண்டு இலை நாத்துக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிம்மா, உங்க இஷ்டம். ஆனா வாட்டர் பிரைமர் அடிக்காம எமல்ஷன் அடிச்சா பேப்பர் மாதிரி உரிஞ்சு வரும்" என்றார். நல்ல யோசனை, எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பூஞ்சாணம் பிடிக்காத பாத்ரூம் பெயிண்டை எடுத்து வைத்தார். அது வேண்டவே வேண்டாம். பூஞ்சாணத்தைக் கொல்ல ஏதோ மருந்து கலந்திருப்பதால்தான் அது பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் அந்த மருந்து பாதரசமாகவே இருந்தது. அமெரிக்காவில் வீட்டுக்குள் அடிக்கும் நீர் பெயிண்டில் 1990-ல்தான் அதைத் தடுத்தார்கள். பாதரச ஆவியால் கண்ணாடிக் குடிலில் ரோஜா கெட்டுப்போகும் என்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்த சங்கதி. ஓசூர்ப் பக்கம் ரோஜாக் குடில் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய மருந்து வேறுதான், இருந்தாலும் நாற்றுக்குப் பக்கத்தில் அது எதற்கு?

வாங்கியது: வாசனை குறைவான உள்சுவர் எமல்ஷன், வெறும் வெள்ளை, மேட், கலர் எதுவும் கலக்காதது. கூடவே வாட்டர் பிரைமர். சோதனைக்கென்று வீட்டில் கிடந்த எனாமல் கொஞ்சம், பொங்கலுக்கு வாங்கியதில் மீந்த கல் சுண்ணாம்பு கொஞ்சம்.

ஜனவரி 24, வெள்ளி

உள்ளங்கை அகலத்தில் பிளைவுட் துண்டுகள். ஒன்றுக்கு எனாமல், ஒன்றுக்கு எமல்ஷன், ஒன்றுக்குச் சுண்ணாம்பு, ஒன்று வெறும் துண்டு. காய ஒரு வாரம் விடுகிறேன்.

பிப்ரவரி 1, சனி

நாலு ஊறுகாய் ஜாடி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, தேங்காய் நார்த் தூளில் முளைத்த தக்காளிக் கன்று ஒன்று. மூடியை ஒட்டக் கட்டாமல் லேசாக வைத்திருக்கிறேன். வெறும் துண்டு ஜாடிதான் இதில் முக்கியம். ஜாடிக்குள் அடைபட்டதாலேயே கன்று வாடினால் அது இந்த ஜாடியில் தெரிந்துவிடும், பெயிண்ட் மேல் வீண் பழி விழாது.

தக்காளியை வேண்டுமென்றேதான் எடுத்தேன். காற்று கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். இலைக்காம்பின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக வளர்ந்து இலை அப்படியே கீழே மடங்கும். தண்ணீர் இல்லாமல் வாடும் இலை துவண்டு தொங்கும். காற்றால் மடங்கிய இலை விறைப்பாகவே இருக்கும், தொட்டால் தெரியும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எனாமல் ஜாடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. கன்றின் கீழ் இரண்டு இலைகளும் தண்டோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி இறங்கியிருந்தன. காம்பு விறைப்பு, இலை ஓரம் உள்பக்கமாகச் சுருட்டல், நுனித் துளிரில் பச்சை குறைந்து வெளிர் மஞ்சள். தூளில் ஈரம் அப்படியே இருக்கிறது.

சுண்ணாம்பு ஜாடிக்கும் வெறும் துண்டு ஜாடிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எமல்ஷன் ஜாடியில் நுனி இலை மட்டும் லேசாகக் கோணியிருக்கிறது. பெயிண்டினாலா, கன்றே அப்படியா என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததைப் பாஸ் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெயிண்ட் ஒரு வாரம் காய்ந்தது போதாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை கேட்டார்: "அப்புறம் என்னடியம்மா, சுண்ணாம்பே அடிச்சிட்டுப் போயேன்." நியாயமான கேள்விதான். செங்கல் சுவர் அறையாக இருந்தால் நான் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது, கெட்ட ஆவி எதையும் விடுவதில்லை. ஆனால் எனாமல் மேல் அதற்குப் பிடிப்பு கிடையாது. ஈரத்தில் செதில் செதிலாகத் தட்டுக்குள் உதிரும். நார்த் தூளின் பிஹெச் (அமில-கார அளவு) 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்பு விழுந்தால் அது ஏறிவிடும், இரும்புச் சத்து தூளில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது, துளிர் மஞ்சளாகும். ஆகவே எமல்ஷன். காத்திருக்கத் தயார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்றுப் பிரைமர், இன்று இரண்டு கோட் எமல்ஷன், நடுவில் நாலு மணி நேரம் விட்டு. மூலைகளுக்குப் பிரஷ், மற்ற இடத்துக்கு ரோலர். தடியாக ஒரே கோட் அடித்தால் மேல்தோல் காய்ந்து அடி ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேலை முழுக்க வாசல் திண்ணையில்தான். பிளைவுட்டின் வெட்டு ஓரங்களையும் விடவில்லை. பிளைவுட்டை ஒட்டிய பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி வருவது பெரும்பாலும் அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கதவை மல்லாக்கத் திறந்துபோட்டு வெயில் பார்க்க வைத்திருக்கிறேன். மாசி பிறக்கப் போகிற இந்த வறண்ட காற்று பெயிண்ட் காய்வதற்கென்றே வந்த மாதிரி இருக்கிறது. ராத்திரியில் டியூப்பைப் போட்டு, பழைய கம்ப்யூட்டர் ஃபேனை ஓட்டுகிறேன். பின்னால் செடியோடு இருக்கப் போகும் அதே சூட்டில் இப்போதே ஆவி போகட்டும்.

கதவுக்குத் திரையாக மெத்தென்ற கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட் தருவதாகத் தம்பி சொன்னான். மறுத்துவிட்டேன். அது பிவிசி. அதை மெத்தென்று ஆக்குவதற்குக் கலக்கும் தாலேட் எண்ணெய்களில் சில செடிக்கு விஷம். 1970, 80களில் பிரிட்டனில் கண்ணாடிக் குடில்களில் நாற்றுகள் வெளுத்துச் சாக, கடைசியில் கண்ணாடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பட்டையில்தான் காரணம் அகப்பட்டது. பெயிண்டைப் பார்த்துப் பார்த்து அடித்துவிட்டு இதை மாட்டுவதா? தளிப் பக்கம் குடில் வைத்திருப்பவரிடம் பாலித்தீன் துண்டு கேட்டிருக்கிறேன். இடுக்கு அடைக்கும் சிலிக்கானிலும் வினிகர் நாற்றம் அடிப்பதை எடுக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ராத்திரி முழுக்க பெட்டியை மூடி, டியூப்பை எரியவிட்டு, காலையில் திறந்தேன். எனக்கு வாசனை எதுவும் இல்லை. ஆனால் தினமும் பக்கத்திலேயே நடமாடும் மூக்கை நம்ப முடியாது. பாப்பாவின் அம்மாவைக் கூப்பிட்டேன். "புதுப் புஸ்தக வாசனை மாதிரி லேசா இருக்குக்கா" என்றாள். இன்னும் ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று அவளும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். குடைமிளகாய் விதை விலைக்கு மூக்குச் சான்று மட்டும் போதாது. தக்காளிக் கன்றுகள் ஒரு தட்டு பெட்டிக்குள், ஒரு தட்டு வெளியே திண்ணையில். உள்ளே தினம் 14 மணி நேரம் வெளிச்சம். சோதனைக்காக ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறேன். இருப்பதிலேயே மோசமான நிலையில் தாங்கினால்தான் பாஸ்.

மார்ச் 9, ஞாயிறு

உள்ளே இருந்தவை கட்டையாக, அடர் பச்சையில், இலை கிடைமட்டமாக விரிந்து நிற்கின்றன. ஓரக் குழிக் கன்றுகள்கூட நடுவை நோக்கிச் சாயவில்லை. அது வெள்ளைச் சுவரின் வேலை. புதுத் துளிரை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன், கோணலோ வெளுப்போ எதிலும் இல்லை.

ஃபேனை ஓடவிட்டாயிற்று. மத்தியானம் குடைமிளகாய் விதை போட்டேன், குழிக்கு ஒன்று. ஆறு வாரத்தில் நாற்று தயாராகிவிடும், சித்திரை முதல் வாரம் பாத்தியை ரெடி பண்ணி வைக்கச் சொல்லி நாத்தனாருக்குப் போன் செய்துவிட்டேன். மீந்த தக்காளிக் கன்றுகளைப் பெயிண்டர் அண்ணன் கேட்டிருக்கிறார்.