பஸ் ஏற்றாத சைக்கிளைப் பாதை ஏற்றியது

நேற்றுப் பின்னேரம் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு முடிஞ்சுது?" போன காரியம் எப்படி என்று இல்லை, காசு எவ்வளவு என்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காசை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பயணமே.

அவளுக்கு இந்த வருடம் மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம். நாங்கள் இருப்பது மட்டக்களப்பு நகர்ப் பக்கம், கல்லடியில். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போகிறார்கள். மாதக் கடைசியில் அந்த வான் காசைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே முடியாது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் நான் வாங்கிய லுமாலா சைக்கிள் ஒன்று மாமரத்தடியில் சும்மா நிற்கிறது. "சைக்கிளையும் பஸ்ஸையும் சேர்த்தால் வான் காசு அப்படியே மிச்சம்" என்று ஒரு நாள் வாய் விட்டுவிட்டேன். "அதை மறுகா கதைப்பம். முதல்ல நீங்க ஒருக்கா போய்ப் பாருங்களன்" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. பிரதான வீதியும் பஸ்களும் எழுவான்கரையில். ஆசிரியர் போதாத பாடசாலைகள் பல படுவான்கரையில், மண்டூரும் அங்கேதான். கடக்க மண்முனையில் ஒரு பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தது. தெற்கே பட்டிருப்பில் இன்னொன்று. பாலம் இல்லாத இடத்தில் 'பாதை'. வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் நடக்கிற வழி. எங்களுக்கு அது வாவியில் மிதக்கிற தட்டு. அதில் ஆளும் ஏறும், மோட்டார் சைக்கிளும் ஏறும். என் திட்டம்: கல்லடியிலிருந்து குருமண்வெளி வரை சைக்கிளோடு பஸ், அங்கிருந்து பாதையில் மண்டூர், பிறகு மிதி.

விடிய ஐந்தேகாலுக்கு கல்லடி வீதியில் நின்றேன். முதல் பஸ்ஸின் நடத்துனர் சைக்கிளைப் பார்த்ததும் கையாலேயே "போ" என்றார். இரண்டாவது பஸ் நிற்கவே இல்லை. மூன்றாவது நின்றது. நடத்துனர் தம்பி கதவில் தொங்கியபடி சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார், கலியாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி.

"அண்ணன், சைக்கிளுக்கு முந்நூறு."

"எனக்கு ரிக்கெட் அதில பாதியும் வராதே தம்பி!"

"நீங்க நிண்டும் வருவீங்க. சைக்கிள் நிக்குமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பேரம் பேசி 200க்கு முடித்தோம். ரிக்கெட் எனக்கு மட்டும்தான் கிழித்தார், சைக்கிள் காசு நேராகச் சட்டைப் பைக்குள் போனது. பின் டிக்கியைத் திறந்து, இரண்டு மீன் பெட்டிக்கு மேல் படுக்கப் போட்டு, மூடாத கதவைக் கயிற்றால் கட்டினார்கள். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களை நான் பார்க்கவே இல்லை, காது முழுக்கப் பின்னால் கேட்ட 'டொங், டொங்' சத்தத்தில்தான். குருமண்வெளியில் இறக்கும்போது செயின் கழன்று, பின் மட்காட் வளைந்து, இருக்கையில் மீன் தண்ணீர். "ஒண்டும் ஆகல்ல அண்ணன்" என்று சொல்லிவிட்டு அவர் தாவி ஏறினார்.

வேலைக்குப் போகிற ஒரு ஆசிரியை, சாரி உடுத்துக்கொண்டு, தினமும் இப்படிப் பேரம் பேசிச் செயின் மாட்டுவதா? அந்த இடத்திலேயே திட்டத்தில் பாதி செத்துப்போனது.

அப்புறம் துறை. அங்கேதான் என் கோபம் இறங்கியது. காலை வெயில் தண்ணீரில் பட்டுத் தகதகக்கிறது, ஒரு கொக்கு கம்பில் ஒற்றைக் காலில். பாதை வந்து இடித்து நின்றதும் சீருடைப் பிள்ளைகள், பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள், கீரைக்கட்டோடு ஒரு அம்மா எல்லாரும் இறங்கினார்கள். நான் தயங்கி, "சைக்கிள் ஏத்தலாமா ஐயா?" என்று கேட்டேன். கயிறு பிடித்திருந்த பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சைக்கிள் இல்லாம மண்டூர்ல என்ன மகன் செய்யப் போறாய்?" என்றார். அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு ஏறினேன், ஸ்டாண்டைப் போட்டேன். பஸ்ஸுக்கு அழுத காசை நினைத்தால் இங்கே செலவு ஒன்றுமே இல்லை. இலங்கையில் சைக்கிளை மனிதன் மாதிரி நடத்துகிற ஒரே பொதுப் போக்குவரத்து இதுதான் என்று எழுதித் தரத் தயார்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் துறைக்கு வரும்போது பாதை அக்கரையில் நின்றால் நின்றதுதான், திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். மாரி வெள்ளத்தில் ஓட்டம் நின்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மண்டூரில் இறங்கியதும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. இந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசுகிற அந்தக் காய்ந்த காற்றுக்கு எதிராக நான்கு கிலோமீற்றர் மிதிப்பது பத்துக்குச் சமம். பாடசாலை வாசலைத் தொட்டபோது ஏழு ஐம்பது. மணி அடிப்பது ஏழரைக்கு. இருபது நிமிடம் பிந்தினேன். அதில் பெரும் பங்கு பஸ் ஏற நின்றதும் செயின் மாட்டியதும்தான்.

நேரக் கணக்கு இருக்கட்டும், சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம். முருகன் கோயிலைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு (சின்னக் கதிர்காமம் என்பார்கள், வாயைத் துணியால் கட்டித்தான் பூசை, ஆவணித் தீர்த்தத்துக்கு ஊர் கொள்ளாது) ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். சிவப்பரிசிச் சோறு, வாவி இறால் கறி, முருங்கை இலைச் சுண்டல். இறால் சின்னதுதான், தலையோடு போட்டுத் தேங்காய்ப் பாலில் வற்ற வைத்திருந்தார்கள். தலையை உறிஞ்சும்போது வருகிற அந்த இனிப்பு டவுன் கடைகளில் கிடையாது. கேட்காமலே இரண்டாம் தடவை சோறு வைத்தார் அந்த அக்கா. கடைசியில் மண் முட்டியிலிருந்து வெட்டியெடுத்த எருமைத் தயிர். ஒரு முட்டி விலைக்கும் வாங்கிக் கரியரில் கட்டினேன். மிச்சம் பிடிக்க வந்தவன் தயிர் வாங்கினால் கணக்கு எப்படிச் சரிவரும்?

தயிர் முட்டியை டிக்கியில் போட மனம் வராததால் திரும்புவது முழுக்கச் சைக்கிளில். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, மண்முனைப் பாலம். வழியில் ஒரு கிறவல் துண்டில் ரியூப் போனது, ஒட்டினவர் நியாயமான காசுதான் எடுத்தார். பாலத்தில் கிழக்கே திரும்பியதும் அதே கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளியது, மிதிக்காமலே பாதிப் பாலம்.

இரவு கணக்குப் போட்டோம். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றுகிற கதை வேண்டாம். பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் குருமண்வெளித் துறைக்குக் கிட்ட தெரிந்த வீட்டில் நிறுத்திவிட்டால் அவள் வெறுங்கையோடு பஸ் ஏறலாம், அங்கே சைக்கிளை எடுத்துப் பாதையில் ஏறலாம். வான் காசில் பாதிக்கும் கீழே வருகிறது. வெயிலும் காற்றும் கணக்கில் இல்லை என்பதை நானே ஒத்துக்கொண்டேன்.

அவள் தயிரில் சீனி போட்டுக் கிண்டியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பெண்கள் சைக்கிளா பாருங்க. முன்னுக்குக் கூடை இருக்க வேணும், கொப்பி திருத்தக் கொண்டு வாறது" என்றாள்.