நான்காவது வலிப்பு

“மேடம், நேத்து ராத்திரி வந்துடுச்சு. ரெண்டு நிமிஷம் இருந்துச்சு, நோட்டுல எழுதிட்டேன். இப்ப நாலு ஆயிடுச்சு இல்ல?”

காலையில் வந்த அந்த அழைப்பில் தாயின் குரல் லேசாகியிருந்தது. பிள்ளைக்கு வலிப்பு வந்ததைச் சொல்லும் எந்தக் குரலும் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. அதற்குக் காரணம் நான்தான். குழந்தைகளின் மரபணு வலிப்பு நோய்க்கான மருந்தாய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். மருந்து தொடங்கும் முன் 28 நாட்கள் வெறுமனே எண்ண வேண்டும், அதற்குள் நான்கு பெரிய வலிப்பாவது பதிவாகியிருந்தால்தான் சேர்க்க முடியும் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். 26ஆம் நாள் வரை மூன்றுதான் வந்திருந்தது.

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். “நானா எதுவும் பண்ணல மேடம். வெந்நீர்ல குளிப்பாட்டக்கூட இல்ல.”

அந்த வாக்கியத்தின் கனம் இந்த நோயோடு பழகியவர்களுக்குப் புரியும். பிள்ளைக்கு இருந்தது திராவே நோய்க்குறி. சார்லட் திராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978இல் முதலில் விவரித்தது. ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு தொடங்கும். உடம்பு சூடேறினால் போதும், வெந்நீர்க் குளியல்கூட வலிப்பைத் தூண்டிவிடும். அவருக்கு அது தெரியும். அவர் செய்யவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் மனதில் வந்து போயிருக்கிறது, அதை என்னிடம் மறைக்கவும் தோன்றவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான்கு என்ற அந்த வரம்பு கொடுமையாகத் தெரிந்தாலும் அது வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். வலிப்பு ஒரே சீராக வருவதில்லை. ஒரு மாதம் அடுக்கடுக்காக வரும், அடுத்த மாதம் தானாகவே தணியும். பெற்றோர் ஆய்வைத் தேடி வருவது பெரும்பாலும் ஆக மோசமான மாதத்தில். அப்போது எதைக் கொடுத்தாலும் அடுத்த மாதம் பலன் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். அதனால்தான் முன்கூட்டி எண்ணுகிறோம். பாதிப் பேருக்குப் பிளாசிபோ எனப்படும் மருந்து இல்லாத சிரப்பைக் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்று எங்களுக்கே தெரியாமல் வைத்துக்கொள்கிறோம்.

திராவேக்கான ஸ்டிரிபென்டால் என்ற மருந்தை இப்படிச் சோதித்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் 41 குழந்தைகள்தான். ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளோடு ஸ்டிரிபென்டாலும் சேர்ந்த 21 பேரில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பிளாசிபோ எடுத்த 20 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. இந்த வித்தியாசம் அத்தனையும் வீட்டில் யாரோ கைப்பட எழுதிய கணக்கிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடக் கருவி எதுவும் அதை எண்ணித் தரவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. தேதி, நேரம், எந்த வகை வலிப்பு, எத்தனை நிமிடம், அவசர மருந்து கொடுத்தார்களா என்று ஐந்து கட்டங்கள். அந்தத் தாயின் நோட்டில் எழுத்து இரண்டு விதமாக இருக்கும். பகலில் வந்தவை நேர்க்கோட்டில், குண்டு குண்டாக. இரவில் வந்தவை சரிந்து, பாதி கட்டத்துக்கு வெளியே. ஒரு கையால் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதியவை அவை. ஓரத்தில் நாங்கள் கேட்காதவையும் இருக்கும்: “இன்று மூன்று படி தானாக ஏறினான்.” “அம்மா என்று இரண்டு தடவை.” அவற்றைக் கணினியில் ஏற்ற இடமில்லை. நான் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன்.

ஒப்புதல் படிவத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழாக்கத்தில் ‘பரம்பரை வலிப்பு நோய்’ என்று எழுதியிருந்தேன். அந்தத் தாய் அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, “எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லையே மேடம். அப்ப என்கிட்டேருந்தா வந்துச்சு?” என்று கேட்டார். திராவே உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். 2001இல் அது கண்டறியப்பட்டது. அந்த மாற்றமும் மிகப் பலருக்குப் புதிதாகவே தோன்றுகிறது. தாயிடமும் இருக்காது, தகப்பனிடமும் இருக்காது. இதெல்லாம் தெரிந்தும் கை பழக்கத்தில் ‘பரம்பரை’ என்று போட்டுவிட்டேன். ‘மரபணு மாற்றத்தால் வரும் வலிப்பு’ என்று திருத்தி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மறுபடி அனுப்பினோம். அதற்குள் அவர் எத்தனை இரவு அந்தச் சொல்லோடு கிடந்தாரோ.

மரபணு தெரிவது பெயர் வைப்பதற்காக மட்டும் இல்லை. அந்த மரபணு உருவாக்கும் ‘சோடியம் வாயில்’, அதாவது நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் கதவு, மூளையில் பிரேக் போடும் நரம்பணுக்களுக்கு முக்கியமானது. திராவேயில் அந்த பிரேக் பலவீனமாக இருக்கிறது. வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் கார்பமாஸெபின் போன்றவை அதே வாயிலை இன்னும் அடைத்து நோயைக் கூட்டிவிடக்கூடும். இந்தப் பையனும் நோய் இன்னதென்று தெரியாமல் ஒன்றரை வருடம் அதைக் குடித்திருக்கிறான். வேளை தவறாமல் ஊட்டியவர் அந்தத் தாய்.

ஆய்வுக் காலம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்மையான மருந்தே கிடைக்கும் தொடர் கட்டத்துக்கு அவனும் போனான். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. யாருக்கு எது போனது என்ற விவரம் வெகு நாள் கழித்துத்தான் திறக்கப்பட்டது. அவன் பிளாசிபோ பக்கம் இருந்திருக்கிறான்.

சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப நான் ராத்திரியெல்லாம் எழுதுனது?” என்றார்.

திராவேக்குத் தரப்படும் கன்னாபிடியால் என்ற மருந்தின் கணக்கை அவருக்கு எடுத்துச் சொன்னேன். 2017இல் வெளியான அந்த ஆய்வில் 120 பேர். மருந்து எடுத்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு, மாதத்துக்கு 12.4 வலிப்பிலிருந்து 5.9க்கு இறங்கியது. பிளாசிபோ பக்கம் 14.9இலிருந்து 14.1. அந்த 14.1 இல்லாவிட்டால் 5.9ஐ யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த எண்ணைக் கொடுத்ததும் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள்தான், உங்களைப் போன்றவர்களின் நோட்டுகள்தான் என்றேன். அவர் தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா, எனக்காகத் தலையாட்டினாரா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுந்தவர் கைப்பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருந்தது.

“இது முடிஞ்சுடுச்சு மேடம். புதுசு ஒண்ணு குடுங்க. ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டதா இருந்தா நல்லது.”